பாட்டுக்கு நடுவில் ஒரு ‘க்கும்’

எங்கள் அம்மா தன் ஆயுளில் ஒரே ஒரு பாட்டுத்தான் கட்டினாள். அதையும் பாட்டுக் கட்டவேண்டும் என்று உட்கார்ந்து கட்டவில்லை, கோபத்தில் கட்டினாள். இன்று இணையத்தில் தேடினால் அந்தப் பாட்டு பல குரல்களில் கிடைக்கிறது. புல்லாங்குழல் வைத்துப் பாடியது ஒன்று, தவில் வைத்துப் பாடியது ஒன்று, அம்மனுக்கு மாற்றிப் பாடியது ஒன்று. அம்மா பாடியது மட்டும் கிடைக்காது. அது எங்கள் குடும்பத்து ஃபோன்களுக்குள்ளேயே இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும் என்று தீர்மானித்தது எங்கள் அத்தை.

நாங்கள் அப்போது மாரமங்கலம் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் செடிகளுக்கு மருந்தடிக்கும் வேலை, அம்மாவுக்குப் பழம் பறிக்கும் வேலை. அப்பாவின் அக்கா தலைச்சோலையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எனக்கு அத்தை, அம்மாவுக்கு நங்கையா. எங்கள் பக்கத்தில் கணவனின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பாவைப் பெற்றவர்கள் இருவருமே காலமாகிவிட்டதால் அப்பாவையும் சித்தப்பாவையும் ஆளாக்கியது அத்தைதான். ஆகவே எங்கள் வீட்டுக்கு அவள் விருந்தாளியாக வருவதில்லை, மேற்பார்வைக்கு வருவாள். வந்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பானை மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். அம்மா அடுப்பில் இருக்கும் விறகைத் தேவையில்லாமல் நாலு தடவை தள்ளிவிடுவாள்.

இது என் தம்பியின் காதுகுத்து வரைக்கும் ஓடியது. அன்றைக்கு வந்த சனத்துக்கெல்லாம் அம்மாவே கறிக்குழம்பு வைத்தாள். முதல் பந்தியில் நடுநாயகமாக உட்கார்ந்த அத்தை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி, “ஏனம்மிணி, உப்பை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கறே? நானும் தேடறேன், சிக்க மாட்டேங்குதே” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்று அதிகாலையிலிருந்து புகையில் நின்ற அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. “உங்க நாக்குல இருக்கறதே போதுமுன்னு உட்டுட்டனுங்க” என்றாள். இதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். முதல் சிரிப்பைவிட இது கொஞ்சம் பெரிய சிரிப்பு. அதுதான் வினையாகிவிட்டது. அத்தை இலையை மூடிவிட்டு எழுந்து கைகழுவினாள். அப்படியே மேட்டுப்பாதையில் ஏறி பஸ்சுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அத்தை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. அப்பா மட்டும் அவ்வப்போது, தலைச்சோலை என்று சொல்லாமல், மஞ்சக்குட்டைக்கு ஒரு வேலையாகப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுப் புறப்படுவார். திரும்பி வரும்போது சட்டைப்பையில் அத்தை சுட்ட வெல்லக் கச்சாயத்தின் எண்ணெய்க்கறை இருக்கும். அம்மா அந்தச் சட்டையைத் துவைக்கும்போது, மஞ்சக்குட்டையில் கச்சாயம் நன்றாகச் சுடுகிறார்கள்போல என்று துணியிடம் சொல்வாள்.

பாட்டு பிறந்தது அடுத்த பறிப்புப் பருவத்தில். கார்த்திகை மாதத்து மூட்டம். வெயிலையே காணோம். செடிக்குச் செடி நின்று பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, வேலை மெனக்கெட்டு, பொங்கலுக்காவது உங்கள் நங்கையா வருவாங்களா என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா கையை நிறுத்தாமல் பதிலைப் பாட்டாகவே சொன்னாள்.

வாங்க நங்கையா வாங்க – எங்க
வாசலுக்கு வெளிச்சம் தாங்க.
நீங்க வராத ஊட்டுல வெயிலடிக்கல – நங்கையா
காபி காயல, கட்டுன துணி காயல... க்கும்!
நீங்க மிதிக்காத வாசல்ல பூப் பூக்கல – நங்கையா
கோழி மேயல, கொண்டச்சேவல் கூவல... க்கும்!

அந்த ‘க்கும்’தான் பாட்டின் உயிர். முகவாயைத் தோளில் ஒரு இடி இடித்துக்கொண்டு அதைச் சொல்லவேண்டும். அது இருந்தால்தான், நீங்கள் வராததால் இங்கே ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை என்று அர்த்தம் வரும். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கூடையைச் சாய்த்துவிட்டார்கள். தினமும் பாடச்சொல்லிக் கேட்டார்கள். தினமும் பாடியதில் பாட்டு வளர்ந்து, மூன்றாவது சரணமும் சேர்ந்தது.

உப்புத் தேடி வந்த நாக்கு – நங்கையா
ஊரு சிரிக்கச் சுட்ட நாக்கு.
மயில்கழுத்துச் சீலைக்குள்ள – நங்கையா
மொளகாச் செடி வெச்சதாரு?... க்கும்!

எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா ஒருநாள் டீ நேரத்தில் வந்து இதைத் தன் ஃபோனில் பதிவுசெய்தார். அந்தப் பதிவில் அம்மாவின் குரலோடு ஒரு தகர வாளி உருளும் சத்தம் இருக்கிறது. யாரோ தும்முகிறார்கள். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டு நாய் குரைக்கிறது. சித்தப்பாவின் சிரிப்பு எல்லாவற்றையும் மீறிக் கேட்கிறது. அவர் அன்றைக்கே அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். ஸ்டேட்டஸ் அரை நிமிடத்தில் கத்தரித்துவிடுமாம். ஆகவே முதல் இரண்டு சரணங்கள் மட்டும் உலகத்துக்குப் போயின. நாக்கும் மிளகாய்ச் செடியும் வீட்டிலேயே தங்கிவிட்டன.

அந்த அரை நிமிடத்தைக் கேட்டவர்கள் அதைக் கேலிப் பாட்டு என்றே நினைக்கவில்லை. வராத உறவை நினைத்து ஒரு பெண் உருகுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். பாவம், பனியில் நின்று பாடுகிறாள், நடுநடுவே தொண்டை கட்டிக்கொண்டு செருமுகிறாள் என்று இரக்கப்பட்டார்கள். முதலில் எங்கள் பள்ளிக்கூட டீச்சர் ஆண்டுவிழாவுக்கு அதை எடுத்துக்கொண்டு, செருமலை நீக்கி, அந்த இடத்தில் சிறுமிகளைக் கைதட்ட வைத்தார். அப்புறம் சேலத்து ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கல்யாண வீடுகளில் பாட ஆரம்பித்தார்கள். அவர்கள் பாட்டை ஆமை வேகத்துக்கு இழுத்து, ‘க்கும்’ வரவேண்டிய இடத்தில் புல்லாங்குழலை விட்டார்கள். கோயில் நோன்பித் திருவிழாவுக்கு நங்கையாவை எடுத்துவிட்டுத் தாயைப் போட்டார்கள். அங்கே ‘க்கும்’ இருந்த இடத்தில் உடுக்கை அடித்தது.

ஆர்கெஸ்ட்ராப் பாட்டை அம்மா முதன்முதலில் ஒரு கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் கேட்டாள். தன் பாட்டு என்று கண்டுபிடிக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, “யாருங்க செத்துப்போனது?” என்று அப்பாவைக் கேட்டாள்.

எனக்கோ அந்தப் பாட்டின் மேல்தான் மோகம். வாளிச் சத்தமில்லை, நாயில்லை, தும்மலில்லை, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பாடியதுதான் நிஜமான பாட்டு, அம்மா பாடியது அதற்கு முன்னால் அடித்துத் திருத்திய ரஃப் காப்பி என்று நான் முழுமனதாக நம்பினேன். புல்லாங்குழலையும் வாயாலேயே ஊதிக்கொண்டு வீட்டுக்குள் அலைவேன். நாலு வயதுத் தம்பிக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. அவன் அம்மாவின் கட்சி. சித்தப்பா தன் பழைய ஃபோனை எங்களிடம் கொடுத்திருந்தார். அதில் முழுப்பாட்டும் இருந்தது. அதை ஓடவிட்டுக்கொண்டு ‘க்கும்’ வரும் இடத்தில் எல்லாம் தோளை இடித்துக்கொள்வதுதான் அவன் விளையாட்டு.

இப்படி இருக்கையில் தலைச்சோலையில் ஒரு கல்யாணம். ஆர்கெஸ்ட்ராவில் பாடவந்த பெண் மைக்கில், இது மாரமங்கலத்துப் பக்கம் எஸ்டேட்டில் வேலைசெய்யும் ஒரு அக்கா தன் நங்கையாவை நினைத்துக் கட்டிய பாட்டு என்று சொல்லிவிட்டு உருக்கமாக ஆரம்பித்திருக்கிறாள். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்களாம். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். அத்தை பஸ் ஏறிவிட்டாள், ஒரு பலாப்பழமும் ஒரு பை பட்டர் ஃப்ரூட்டும் எடுத்துக்கொண்டு வருகிறாள், பாட்டைக் கேட்டு மனசு இளகி வருகிறாள் என்று சொல்லிவிட்டு, ஜீப் எடுக்க வேண்டும் என்று போயே போய்விட்டார்.

அம்மா அப்படிப் பயந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. “அந்தக் கருமத்தை அழிச்சுப்போடுங்க” என்று அப்பாவிடம் ஃபோனை நீட்டினாள். அப்பாவுக்கு அழிக்கத் தெரியவில்லை. அவர் அழுத்திய அழுத்தில் டார்ச் எரிந்தது. மேட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அம்மா ஃபோனை என் கையில் திணித்து எங்கேயாவது ஒளித்துவைக்கச் சொன்னாள். நான் அதை அரிசி மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் விட்டுப் புதைத்தேன்.

அத்தை பலாப்பழத்தோடு வாசலில் வந்து நின்றாள். கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். வரவேற்க வேறு வார்த்தை கிடையாதே. “வாங்க நங்கையா, வாங்க” என்றாள்.

“க்கும்!” என்றான் தம்பி, உள்ளேயிருந்து, தோளை இடித்துக்கொண்டு.

அத்தை அவனைப் பார்த்து, “என்ன சாமி, இருமலா?” என்றாள்.

“ஆமாங்க, நாலு நாளாச் சளிங்க” என்றாள் அம்மா.

அத்தை பலாப்பழத்தை இறக்கிவைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், மிளகைத் தட்டிக் கஷாயம் வைத்து, ஒரு டம்ளர் நிறையத் தம்பிக்குப் புகட்டினாள். அவன் தரையில் உருண்டு அழுதான். ஒரு சளியும் இல்லாமல் அவன் குடித்த அந்தக் கஷாயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது. ஆனால் அம்மாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

டீ குடித்தார்கள். பொதுவாகப் பேசினார்கள். மழை, மிளகுக் கொடி, அத்தை வீட்டு மாடு. இரண்டு பேருமே ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்று கண்ணாடிச் சாமானைக் கையாளுவதுபோல் பேசிக்கொண்டார்கள். அத்தை ஒரு பானை மூடியைக்கூடத் திறக்கவில்லை. அந்த மரியாதையில் எனக்கே மூச்சுமுட்டியது. கடைசியில் அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மேளக்காரங்க பாடுனதக் கேட்டேன் அம்மிணி. உன் வாயால ஒருக்காக் கேக்கோணும்” என்றாள்.

அம்மா தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். அப்படியானால் உனக்கும் கஷாயம் வைக்கிறேன் என்று அத்தை எழுந்தாள். சரி, ஃபோனில் இருக்குமே, அதைப் போடுங்கள் என்றாள். ஃபோன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றார் அப்பா. அவர் அதைச் சொல்லி முடிக்கவும், அத்தை வந்தாளா இல்லையா என்று விசாரிக்கச் சித்தப்பா அந்த ஃபோனுக்கே கூப்பிடவும் சரியாக இருந்தது.

சித்தப்பா தனக்குப் பிடித்த சரணத்தை ரிங்டோனாக வைத்திருந்தார் என்பதை அந்தக் கணம் வரை நாங்கள் யாரும் பெரிதாக நினைத்ததில்லை. அரிசி மூட்டைக்குள்ளிருந்து, கம்பளிக்குள் இருந்து பாடுகிற மாதிரி, அம்மாவின் குரல் எழுந்தது. உப்புத் தேடி வந்த நாக்கு, நங்கையா. ஊரு சிரிக்கச் சுட்ட நாக்கு.

அப்பா கோழியைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போய்விட்டார். எங்கள் கோழி அப்போது உள்ளேதான் நின்றுகொண்டிருந்தது. அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அத்தை எழுந்து, மூட்டைக்குள் கையை விட்டு, ஃபோனை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ஊதினாள். மணி நின்றதும் என்னிடம் நீட்டினாள்.

“முழுசாப் போடு கண்ணு.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்களை மூடிக்கொண்டிருந்தாள். போட்டேன்.

வாளி உருண்டது. நாய் குரைத்தது. வெயிலடிக்காததும் பூப் பூக்காததும் வந்தன. ஒவ்வொரு ‘க்கும்’முக்கும் அத்தையின் புருவம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போயிற்று. அவை செருமல் இல்லை என்று அவளுக்கு முதலாவதிலேயே புரிந்துவிட்டது. உப்பு வந்தது, நாக்கு வந்தது, சேலையும் மிளகாய்ச் செடியும் வந்தன. பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அத்தையின் சொந்தத் தம்பியான சித்தப்பா சிரித்த சிரிப்பும் தனியாகக் கேட்டது. பதிவு முடிந்தது.

“இன்னொருக்காப் போடு” என்றாள் அத்தை.

மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, ஆடு வாங்கப் போகிறவள் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் வரிவரியாகக் கேட்டாள். சேலை வந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

“ஏனம்மிணி, அது எங்கே மயில்கழுத்து? அன்னைக்கு நான் கட்டியிருந்தது ராமர் பச்சை.”

அம்மா கண்களைத் திறந்தாள். பயம் போன இடம் தெரியவில்லை. “மயில்கழுத்துதானுங்க. மடிப்புல கொழம்பு சிந்தி நான்தானுங்க ஈரத்துணியப் போட்டுத் தொடச்சு உட்டேன். எனக்குத் தெரியாதுங்களா?”

“என் சீலை எனக்குத் தெரியாதா? பாத்துப் பாத்து வாங்குனது நானு.”

“வாங்குனது நீங்க. தொடச்சது நானுங்க.”

“கொழம்பு சிந்துனதே நீ எலையில ஊத்துன லச்சணத்துனால.”

“உப்பில்லாத கொழம்புதானுங்களே, கறை புடிக்காதுன்னு ஊத்துனனுங்க.”

வார்த்தை ஏறிக்கொண்டே போயிற்று. வெளியே கொய்யா மரத்தடியில் நின்ற அப்பா, இனி மறைந்து நின்று பயனில்லை என்று முடிவுசெய்து, இரண்டு பேரையும் விலக்கிவிடும் தயாரிப்போடு உள்ளே நுழைந்தார். அதற்குள் அத்தை சண்டையை விடாமலேயே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் பானை மூடியைத் திறந்திருந்தாள். அம்மா அவரைக்காயை முறத்தில் கொட்டினாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நாரெடுத்துக்கொண்டே பச்சைக்கும் நீலத்துக்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அத்தையின் மடியில் ஏறி உட்கார்ந்து, யார் பேசி முடித்தாலும் ஒரு ‘க்கும்’ போட்டான். மூன்றாவது தடவை அத்தையும் சேர்ந்து போட்டாள், முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு, அம்மாவைவிடவும் சுத்தமாக. அதைப் பார்த்து அம்மா சிரிக்க ஆரம்பித்தவள்தான், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அழுகிறாளோ என்று நான் கிட்டே போய்ப் பார்க்கும்வரை சிரித்தாள்.

அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய சுமையைக் கீழே வைத்துவிட்டு வந்த ஆளைப்போல இரண்டு கைகளையும் முழங்காலில் தொங்கப்போட்டுக்கொண்டு, வெறும் வாசலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் சித்தப்பா தெருமுனையில் ஜீப்பை நிறுத்தி, எட்டிப் பார்த்து, பலாச்சுளை வாசனை வருவதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே இறங்கி வந்தார். அத்தை அவர் காதைப் பிடித்துத் திருகினாள். பிறகு அந்தப் பதிவைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னாள். இது நம் குடும்பத்துச் சமாச்சாரம், வெளியே விட்டால் தோலை உரித்துவிடுவேன் என்றும் சொன்னாள்.

அத்தையை பஸ் ஏற்றிவிட அப்பா முன்னால் பையோடு நடக்க, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுப்பாதையில் ஏறினேன். எனக்கு ஒரு குறை இருந்தது. அவ்வளவு நேரத்தில் ஆர்கெஸ்ட்ராப் பாட்டைப் போட ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் நன்றாக இருக்கும், அதில் நாயெல்லாம் இல்லை, வேண்டுமானால் அதையும் அனுப்பச் சொல்கிறேன் என்று அத்தையிடம் சொன்னேன்.

“நல்லாத்தான் பாடறாங்க கண்ணு. நானே அழுதுட்டேன் போ” என்றாள் அத்தை. கொஞ்ச தூரம் ஏறி, மூச்சு வாங்க நின்றாள். “ஆனா அதுல யாரோ ஒருத்திய நொம்ப மரியாதையாக் கூப்புடறாங்க. அது ஆருன்னே தெரியல.”

நான் விடவில்லை. “அம்மா பாட்டுல உங்களத் திட்டறாங்களே, உங்களுக்குக் கோவமே வரலீங்களா அத்தை?”

“வராம? நொம்ப வந்துச்சு. அப்பத்தான் சாமி எனக்குப் பொறந்த ஊட்டுக்கு வந்தாப்புல இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள். கோபம் வந்தால் எங்கள் வீட்டை விட்டுத்தானே அத்தை போனாள். கோபம் வந்து எப்படி வீட்டுக்கு வரமுடியும்? வயதானவர்கள் மூச்சு வாங்கும்போது வார்த்தைகளை மாற்றிச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவளைத் திருத்தாமல், பெருந்தன்மையாகக் கூடவே நடந்தேன்.